மாப் பேணிக்குள் ஒரு கார்ட்

முன்னறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

குசினியில் பாரைமீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த றினோஸாவின் கை அப்படியே நின்றது. இந்த மூன்று வருடத்தில் அந்தச் சத்தத்தை அவள் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள். வாசல் முற்றத்தில் கறன்ட் கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் தூண் நிற்கிறது. அதன் நெற்றியில் கார்ட்டைக் காட்டினால் முன்னறைச் சுவரில் பொருத்தியிருக்கும் பெட்டிக்குள் ஏதோ ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் இந்த ‘டக்’. கறன்ட் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கார் நிறைந்தபிறகு அதே கார்ட்டை மறுபடி காட்ட வேண்டும். இரண்டாவது ‘டக்’ வரும். தூண் தன் வாயில் கவ்வியிருக்கும் காரின் வயரை விட்டுவிடும். வந்தவர் போய்விடுவார்.

மற்ற நாட்களில் முதல் ‘டக்’ கேட்டதும் றினோஸா இடியப்ப உரலை எடுப்பாள். கார் நிறைய மூன்று மணித்தியாலம் ஆகும், வந்தவர்களுக்குப் பசிக்கும். இன்றைக்கு அவள் உரல் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது ‘டக்’ கேட்கும்போது அவளுடைய ஒரே மகள் ஆகிலா இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவாள்.

ஆகிலா குசினிக்குள் வந்து, கணவனின் அண்ணனுடைய காருக்குக் காட்டிய பச்சை நிறக் கார்ட்டை நீட்டினாள். “இந்தாங்க உம்மா, ஒங்கட கார்ட். அவர்ர காக்காட கார்ட் இஞ்ச செல்லாதாம். அது வேற கொம்பனிர கார்ட்டாம்.”

“எத்தின மணிக்கு நெறையும்?”

“ஒண்டரைக்கு நெறஞ்சிருமாம். ரெண்டு மணிக்கு வெளிக்கிடணுமாம். இருட்ட முன்னுக்கு கண்டி ரோட்டுப் பதினெட்டு வளைவ ஏறி முடிச்சிரணுமாம்.”

“அவர் சொன்னது, அவர்ர காக்கா சொன்னது எல்லாம் சொல்றாய். நீ சொல்றது எதுவும் இல்லையா புள்ள?”

ஆகிலாவின் கண் இரண்டும் கோவைப்பழம்போல் சிவந்திருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

றினோஸா கார்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். சின்னஞ்சிறு துண்டு. இதைக் காட்டினால் போவார்கள், காட்டாவிட்டால் போகமாட்டார்கள். அதற்கு மேல் அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. எட்டி அரிசிமாப் பேணியின் மூடியைத் திறந்தாள். கார்ட்டை மாவுக்குள் குத்தி, முழங்கை வரைக்கும் கையை இறக்கி, அடியில் படுக்க வைத்தாள். மேலே மாவைத் தட்டி மூடினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மீனுக்கு மிச்ச மஞ்சளையும் தடவினாள்.

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அவள் யாருடைய பொருளையும் ஒளித்தவள் அல்ல. சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் அவளைப்போல் திறந்த வாசல்காரி இல்லை. கணவன் நூஹு கல்முனை–பொத்துவில் பஸ்ஸில் இருபது வருடம் சாரதியாக ஓடியவன். ஒருநாள் பஸ்ஸை முற்றத்தில் நிறுத்திவிட்டு, நெஞ்சு நோவென்று படுத்தவன் எழும்பவில்லை. முதலாளி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். பஸ் நின்ற இடம் பெரிய வெறுமையாகக் கிடந்தது. றினோஸா அதைத் தினமும் இரண்டு வேளை கூட்டினாள், அழுதாள், மறுபடி கூட்டினாள்.

பெற்றோல் கிடைக்காத அந்த வருடத்தில் எண்ணெய் நிலையத்துக்கு நின்ற வரிசை வளைந்து வளைந்து அவள் வாசலுக்கே வந்துவிட்டது. பசியோடு நின்ற சனங்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினாள். வரிசை போய்விட்டது, இடியப்பம் நிலைத்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு கொம்பனிக்காரர் வந்தார். அறுகம்பைக்குப் போகிற கார்கள் இளைப்பாற ஓர் இடம் வேண்டும், இந்த முற்றம் தோதானது, ஒரு தூண் நடலாமா என்று கேட்டார். றினோஸா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “மழைக்க கறன்ட் அடிக்காதா மகன்?” அடிக்காது என்றார். சரி என்றாள்.

தூணை நட வந்தவன்தான் ஜுனைட். கண்டிக்குப் பக்கத்து அக்குறணைப் பையன். மெலிந்த உடம்பு, வெட்கச் சிரிப்பு. பதினொரு நாள் வேலைக்கு இருபத்தாறு நாள் எடுத்தான். அந்த இருபத்தாறு நாளும் றினோஸா அவனோடு ஓயாமல் கதைத்தாள். தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தாள், வெயிலுக்குள் நிற்காதே என்று ஏசிக் கதைத்தாள். வழிப்போக்கர்களுக்காகக் கொம்பனி கொடுத்த பச்சைக் கார்ட்டைப் பாவிக்கப் படிப்பித்தவனும் அவனேதான்.

“தேய்க்க வேணாம் சாச்சி. தொடவும் வேணாம். கிட்டக் காட்டினா போதும்.”

“தொடாம எப்பிடிப் புள்ள அதுக்கு விளங்கும்?”

“விளங்கும் சாச்சி. காட்டிப் பாருங்க.”

பிஸ்மில்லாஹ் சொல்லிக் காட்டினாள். ‘டக்’ என்றது. அவள் சின்னப் பிள்ளைபோல் சிரித்தாள். அன்றையிலிருந்து ஊர் அவளைக் கார்ட் ராத்தா, கார்ட் அக்கா, என்று கூப்பிடத் தொடங்கியது. கார்ட் ராத்தாவிடம் ஒரு சட்டம் உண்டு. கார்ட்டை வலக்கையால்தான் காட்ட வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் இடக்கையால் காட்ட, நிற்பாட்டச் சொல்லி, வலக்கையால் மறுபடி தொடங்க வைத்தவள் அவள்.

வேலை ஏன் இருபத்தாறு நாளாக நீண்டது என்று அவளுக்கு விளங்கியபோது, ஆகிலா தூணைப் பார்த்த ஜன்னலின் திரையை மூன்றாவது தடவையாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பையன், தொழுகை தவறாதவன். றினோஸா அக்குறணைக்கு ஆள் அனுப்பி மாப்பிள்ளை கேட்டாள். ஊர் வழக்கப்படி வீட்டை மகளின் பெயருக்கு எழுதினாள். மாப்பிள்ளை வீட்டோடு வந்து சேர்ந்தான்.

நிக்காஹ் முடிந்த அன்று மாலை அவள் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு கதவுத் திரைக்குப் பின்னால் போனாள். அதன்பிறகு மருமகனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

அவளுக்கு அது மரியாதை. அவளுடைய உம்மா நூஹுவோடு முகத்துக்கு முகம் நின்று கதைத்ததை அவள் கண்டதில்லை. மாமி மருமகனுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாளோ அவ்வளவு திரைக்குப் பின்னால் நிற்பாள். அன்பெல்லாம் பீங்கானில்தான் போகும். பாரைமீன் வாங்கினால் நடுத்துண்டு மருமகனுக்கு. மழை இருண்டால், மூன்றடி தள்ளி நிற்கும் அவனுக்குக் கேட்கும்படியே, “ஆகிலா, மருமகனுக்குச் சொல்லு, குடைய எடுத்துட்டுப் போகட்டாம்” என்பாள். ஆகிலா சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. ஆனாலும் சொல்வாள்.

ஆகிலா கணவனுக்கு இதை விளக்காமல் இல்லை. விளக்கி விளக்கிக் களைத்துப்போனாள். அவனுக்குத்தான் ஏறவில்லை. அவன் ஊரில் மாமிமார் மருமகன்மாரோடு கதைப்பார்கள், சண்டைகூடப் பிடிப்பார்கள். அதுவும் இருபத்தாறு நாள் ஓயாமல் கதைத்த ஒரு வாய், சொந்தமான அன்றைக்கே மூடிக்கொண்டால் அவன் என்னதான் நினைப்பான்?

கண்டியில் சோலார் கடை திறந்திருக்கும் அவனுடைய அண்ணன் பர்ஹான் நானா, தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டார். ஜுனைட் சரியென்றான். ஆகிலாவுக்கு ஓர் இரவு முழுக்க அழுகை. விடியற்காலை சுபஹு தொழுத கையோடு பர்ஹான் தன் சின்ன நீலக் காரை எடுத்து, பத்து மணிக்கு இந்த முற்றத்தில் வந்து நின்றார்.

லுஹர் தொழுகை முடிந்து பகல் சோறு வைத்தாள் றினோஸா. திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி, சாப்பாட்டு மேசையில் நடக்கும் கதையைக் கேட்டாள்.

“ஒன்ட மாமிக்கு நல்லா சமைக்கத் தெரியும்டா,” என்றார் பர்ஹான். “கதைக்கத்தான் தெரியாது போல ஈக்கிது.”

“தெரியும் நானா. மீன்காரனோட அர மணித்தியாலம் கதைப்பாங்க. வெள்ளைக்காரி ஒருத்திக்கு இங்கிலீஸ்ல ஒரு சொல்லும் தெரியாம இடியப்பம் புழியப் படிச்சுக் குடுத்தாங்க. ஊருல என்னோட மட்டும்தான் கதை இல்ல.”

“சரி உடு. மனசுல வெச்சுக்கொள்ளாத.”

“இல்ல நானா. எனக்கு எட்டு வயசுல உம்மா மவுத்தாகின. நம்மட ஊட்டுல அதுக்குப் பொறகு பொம்பளச் சத்தமே இல்ல. தூண் நட வந்த நேரம், வெயிலுக்க நிக்காத எண்டு இவங்க ஏசின நாள் நான் ரூமுக்குப் பெய்த்து அழுதேன். கல்யாணம் முடிச்சா தெனமும் ஏச்சுக் கெடைக்கும் எண்டு நெனச்சேன்.”

றினோஸா தேங்காய்த் துருவலைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள். யா அல்லாஹ், ஒரு பிள்ளை ஏச்சுக்கு ஏங்கிக்கொண்டு என் வீட்டில் மூன்று வருடம் சோறு தின்றிருக்கிறானே. இப்போதே திரையை விலக்கிப் போகலாம். ஆனால் மூன்று வருடம் கட்டிக்காத்த திரை பெரிய மதில்போல் நின்றது. அதோடு கார்ட்டை ஒளித்த கள்ளியும் அவள்தானே. எந்த முகத்தோடு போவது?

ஒன்றரை ஆகியது. ஆகிலா வந்தாள்.

“உம்மா, கார்ட்டத் தாங்க. கார் நெறஞ்சிட்டு.”

“இந்தக் குசினிக்குள்ளதான் இரிக்கி.”

“குசினிக்க எங்க?”

“தேடு.”

சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆகிலா சீரகப் போத்தலைப் பார்த்தாள், மிளகாய்த்தூள் போத்தலைப் பார்த்தாள், பீங்கான் அலுமாரியைக் கவிழ்த்தாள். முன்னறையில் ஜுனைட் பாயை உதறினான், தலையணைகளைத் தட்டினான், சப்பாத்துக்குள்ளேகூடக் கையை விட்டுப் பார்த்தான். பர்ஹான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆகிலா, மாமிக்கிட்டக் கேளு, கடைசியா எங்க வெச்ச எண்டு,” என்றான் ஜுனைட்.

“ஆகிலா, மருமகனுக்குச் சொல்லு, எனக்கு வயசு போயிட்டு, மறதி.”

“நாப்பத்தெட்டு வயசில என்ன மறதி உம்மா? போன பெருநாளைக்கு எந்த வீட்டில இரிந்து எத்தின துண்டு தொதல் வந்த எண்டு இப்பவும் சொல்லுவீங்க.”

“தொதல் வேற, கார்ட் வேற.”

பர்ஹான் தம்பியைக் கேட்டார். “கார்ட் இல்லாட்டி வயர உட்டுட்டுப் போவமா?”

“வயர் இல்லாம வழியில எங்கயும் ஏத்த ஏலா நானா. நடுக்காட்டுல நிண்டுருவீங்க.”

“கொம்பனிக்கு அடிச்சுப் பாரு.”

“அடிச்சேன். சனிக்கிழம, ஆரும் எடுக்கல்ல. கார்ட் இல்லாம இது கழறாது. ஒண்டும் செய்ய ஏலா.”

ரெண்டேகால். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. பாண்டிருப்பிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வரும் நில அளவையாளர் குணம். தன்னுடைய கார்ட்டால் சார்ஜ் போட்டுவிட்டு, ஆறு இடியப்பம் தின்று, காருக்குள்ளேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகிறவர்.

“என்ன தம்பி ஜுனைட், எனக்கு நாலு வீதம்தான் கிடக்கு. இந்தக் கார் நிறைஞ்சிட்டுப் போல?”

“ஓம் அண்ணன். மாமிட கார்ட்டக் காணல்ல. வயர் கழறுதில்ல.”

“அதுக்கேன் இந்தப் பாடு? போன மாசம் என்ர கார்ட் உடைஞ்ச நேரம் நீங்கதானே முன்னறைக்குள்ள போய் மெயின் சுவிச்ச இறக்கிக் கழட்டித் தந்தீங்க. ஒரு நிமிசமும் எடுக்கல்லயே.”

ஜுனைட்டின் குரல் மிகவும் தாழ்ந்து கேட்டது.

“அண்ணன், கொஞ்சம் சும்மா இரிங்களன்.”

குசினி ஜன்னலோரம் நின்று றினோஸா எல்லாவற்றையும் கேட்டாள். மெயின் பெட்டி முன்னறையில். முக்கால் மணித்தியாலமாக அந்தப் பெட்டிக்குக் கீழே குனிந்து குனிந்துதான் அவன் பாயை உதறியிருக்கிறான். கையைத் தூக்கினால் வேலை முடிந்தது. தூக்கவில்லை. தேவையில்லாத கார்ட்டைச் சப்பாத்துக்குள் தேடியிருக்கிறான். போகப் பிடிக்காத பிள்ளை, தன்னைப்போலவே, ஒரு சாக்குப்போக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவள் மாப் பேணியைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள். கார்ட் வந்தது. முக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, திரையை விலக்கினாள். குசினியைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, வாசல் படியில் இறங்கி, ஜுனைட்டுக்கு நேரே போய் நின்றாள்.

“மருமகன்,” என்றாள்.

ஆகிலாவின் கையிலிருந்த பெட்டி ‘தொப்’பென்று நிலத்தில் குந்தியது.

“மருமகன், கார்ட்ட நான்தான் ஒளிச்சன். மாப் பேணிக்குள்ள.”

பர்ஹான் அவளுடைய கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை மா.

“மெயின இறக்கினாலும் கழறும் எண்டது ஒங்களுக்கு எப்ப ஞாபகம் வந்த?”

ஜுனைட் தலையைக் குனிந்துகொண்டான். “மறக்கவே இல்ல மாமி.”

“நான் வாயத் திறந்திருக்கப்படாது போல,” என்று குணம் தன் காரோடு ஒட்டிக்கொண்டார்.

“கதைக்காம இரிந்தது ஒங்கள்ல விருப்பம் இல்லாம இல்ல மகன்,” என்றாள் றினோஸா. குரல் நிற்கவில்லை. மூன்று வருடத்துக் கதை அல்லவா. “மருமகனோட நேர நிண்டு கதைக்கிற மரியாதையில்ல எண்டு எங்கட உம்மா சொல்லித் தந்த. ஒங்கட உம்மா இல்லாத ஏக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு. கார்ட் மாதிரி கிட்ட நிண்டாப் போதும், விளங்கிரும் எண்டு நெனச்சிட்டன். நடுத்துண்டு மீன் ஒவ்வொரு நாளும் ஒங்கட பீங்கான்ல விழுந்திச்சே, ஆர் போட்ட எண்டு நெனச்சீங்க?”

“ஆகிலா எண்டு நெனச்சேன்.”

“அவளா? நடுத்துண்ட அவள்ர கையில குடுத்தா ஒங்களுக்கு வாலும் மிஞ்சாது.”

“உம்மா,” என்றாள் ஆகிலா, அழுகைக்குள் சிரித்துக்கொண்டு.

“போறதெண்டாப் போங்க மகன். காக்காட கட, நல்ல தொழில், நான் மறிக்கமாட்டன். எனக்கு விருப்பமில்ல எண்டு நெனச்சிட்டு மட்டும் போகவேணாம்.” அவள் வலக்கையால் கார்ட்டை நீட்டினாள். ஆகிலாவின் கை வழியாக இல்லை, நேராக. “இனி ஒங்கட இஷ்டம்.”

ஜுனைட் அதை வலக்கையால் வாங்கினான். தூணுக்குப் போனான். காட்டினான். ஒன்றுமில்லை. கார்ட்டில் அவ்வளவு மா. சட்டையில் துடைத்து மறுபடி காட்டினான்.

முன்னறையில் ‘டக்’ என்றது. காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த சத்தம். தூண் வயரை விட்டது. ஜுனைட் அதை மெதுவாகச் சுருட்டினான், காரின் டிக்கிக்குக் கொண்டு போனான். அங்கே வயருக்கு இடம் தாராளமாக இருந்தது. ஏற்றி வைத்திருந்த மூன்று பெட்டிகளையும் ஆகிலா ஏற்கெனவே இறக்கி நிலத்தில் வைத்திருந்தாள்.

“நானா,” என்றான் ஜுனைட். இறக்கி வைத்த பெட்டிகளைக் கையால் காட்டினான்.

“வெளங்குது, வெளங்குது.” பர்ஹான் டிக்கியை மூடினார். “சுபஹோட வெளிக்கிட்டு அஞ்சு மணித்தியாலம் ஓடி வந்தது ஒரு துண்டு மீன் திண்டுட்டுப் போகவாடா?”

“மூணு துண்டு தம்பி,” என்றாள் றினோஸா. “நான் திரைக்குள்ளால பாத்திட்டுத்தான் நிண்டன்.”

பர்ஹான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். உம்மா இல்லாத வீட்டில் தம்பிக்குத் தலை வாரிவிட்டு வளர்த்த மனிதர் அவர். தனியாகத் திரும்புவதில் அவருக்குத் துக்கம் இல்லை. கடை ஒரு சாக்கு, இந்த வீட்டில் தம்பி தவிக்கிறான் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தார், இப்போது அவனுக்கு ஏச ஆள் கிடைத்துவிட்டது.

“மாமி, இவன் கொறட்ட உடுவான். சொல்லல்ல எண்டு பொறகு கோவிக்கப்படாது.”

“மூணு வருசமா சுவருக்கு அங்கால கேக்கிறன் தம்பி. ஒரு நாளும் தவறினதில்ல.”

பொரித்த மீன் ஒரு பொதி, இருபது இடியப்பம் ஒரு பொதி, சம்பல் ஒரு போத்தல். வேண்டாம் வேண்டாம் என்றவரின் முன் சீற்றில் எல்லாம் ஏறின. பதினெட்டு வளைவில் போத்தல் சரியாமல் இருக்க ஜுனைட் அதற்கு சீற் பெல்ட்டும் போட்டான். பர்ஹான் ஸலாம் சொன்னார். நீலக் கார் சத்தமில்லாமல் பின்னால் வந்து, வீதியில் ஏறி, காரைதீவுப் பக்கம் திரும்பி மறைந்தது. அது விட்ட இடத்தில் குணத்தின் கார் உடனே வந்து நின்றது. அவர் கார்ட்டைக் காட்டினார், முன்னறையில் ‘டக்’ என்றது, சீற்றைச் சாய்த்துப் படுத்துவிட்டார். இடியப்பம் கேட்க இன்றைக்கு அவருக்குத் துணிவு வரவில்லை. ஆகிலா ஒரு தட்டில் கொண்டுபோய்க் கார் ஜன்னலால் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜுனைட் இன்னும் வீதியைப் பார்த்தபடி முற்றத்து நடுவில் நின்றான். வெயில் அவன் தலைக்கு மேலே கொதித்தது.

“மருமகன், அந்த வெயிலுக்க நிண்டு என்ன பாக்கிறீங்க?” றினோஸா முன்னறையிலிருந்து அதட்டினாள். “பகலைக்கும் சோத்த அளைஞ்சிட்டுத்தான் எழும்பின. வந்து திண்ணுங்க. நானும் இன்னும் திங்கல்ல.”

ஜுனைட் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் முழுக்க அந்தப் பழைய வெட்கச் சிரிப்பு. இரண்டு கையும் நிறைந்திருந்ததால், வாசல் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினான். அதற்கும் ஓர் ஏச்சு வாங்கினான்.